ரயிலுக்குக் கொடுத்தால் மானியம், ரோட்டுக்குக் கொடுத்தால்?

கேட்டவர் வடக்கு வர்ஜீனியாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆஷ்பர்ன் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட வேலை செய்யும் அமெரிக்கர் அவரிடம் சொன்னாராம்: “ரோடு பெட்ரோல் வரியில் தன் காலில் நிற்கிறது. ஆம்ட்ராக் பிறந்த நாளிலிருந்து நஷ்டம். ஆள் ஏறாத ரயிலுக்கு என் வரிப்பணம் எதற்கு?” (ஆம்ட்ராக் என்பது ஊர் விட்டு ஊர் போகும் பயணிகளுக்கு அரசுப் பணத்தில் ஓடும் ரயில் நிறுவனம்.) இது உண்மையா, ரயிலுக்குச் செலவழித்தால் ஊர் இப்படிக் கண்டபடி பரவிக்கொண்டே போவது நிற்குமா என்பது அவர் கேள்வி. ஒரே மூச்சில் கேட்டாலும் இவை இரண்டு கேள்விகள். யார் காசில் எது ஓடுகிறது என்பது கணக்கு. உட்கார்ந்து கூட்டினால் விடை வந்துவிடும். ரயில் ஊரின் வடிவத்தை மாற்றுமா என்பதில் பாதியைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மீதியில் எங்கள் தொழில்காரர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊரில் சிவில் படித்துவிட்டு இங்கே வந்து 19 வருடமாகப் போக்குவரத்துக் கணிப்பு வேலை பார்க்கிறேன். ஒரு ரோட்டையோ ரயிலையோ போட்டால் 20 வருடம் கழித்து அதில் எத்தனை பேர் போவார்கள் என்று சொல்லச் சம்பளம் வாங்குகிறவன். நான் பொருளாதார நிபுணன் அல்ல. ரயில் ஓட்டும் நிர்வாகமும் எனக்குப் பழக்கமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: என் வீட்டில் இரண்டு கார் இருக்கிறது. பால் வாங்கக்கூடக் கார் எடுத்துத்தான் போகிறேன். ரயில் பக்தன் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

முதலில் பெட்ரோல் வரி. மத்திய அரசின் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். 1993ல் வைத்த வரி அது. அதற்கப்புறம் ஒரு சென்ட்கூட ஏறவில்லை. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஏற்பாடும் அதில் கிடையாது. இதற்கிடையில் தாரும் கான்கிரீட்டும் கூலியும் எங்கேயோ போய்விட்டன, கார்களும் குறைந்த பெட்ரோலில் அதிக மைல் ஓடுகின்றன. 1956ல் தொடங்கிய நெடுஞ்சாலை நிதி இந்த வரியை நம்பித்தான் இருந்தது. 2008ல் அது காலியாகும் நிலைக்கு வந்தபோது நாடாளுமன்றம் பொதுக் கஜானாவிலிருந்து 8 பில்லியன் டாலர் எடுத்துப் போட்டது. ஒரு தடவைக்குத்தான் என்றார்கள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. 2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் மட்டும் 118 பில்லியன் போட்டது. எல்லாம் கூட்டினால் 270 பில்லியனைத் தாண்டும். இந்த நிதியில் பொதுப் போக்குவரத்துக்கு என்று ஒரு கிளைக் கணக்கு உண்டு, அதனால் இந்த 270ல் ஒரு பங்கு பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் போயிருக்கிறது; பெரும் பங்கு ரோட்டுக்குத்தான். ஆம்ட்ராக் 1971ல் ஓடத் தொடங்கியதிலிருந்து முதல் 50 வருடத்தில் மத்திய அரசிடம் வாங்கிய மொத்தத் தொகையைவிட இது பல மடங்கு. “ரோடு தன் காலில் நிற்கிறது” என்பது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். 2008க்கு அப்புறம் அது வெறும் பேச்சு.

இது மாநிலங்களை இணைக்கும் பெரிய சாலைகளின் கதை. உங்கள் வீட்டு வாசலில் ஓடும் தெருவுக்கு இந்த நிதியில் பெரும்பாலும் எதுவும் வராது. அதைச் சொத்து வரியும் விற்பனை வரியும் கட்டிக் காக்கின்றன. எல்லா அரசுகளும் ரோட்டுக்குச் செய்யும் செலவைச் சேர்த்துப் பார்த்தால், வண்டி ஓட்டுகிறவர் பெட்ரோல் வரி, டோல், பதிவுக் கட்டணம் என்று கொடுப்பது ஏறக்குறையப் பாதிதான் வரும். மீதிப் பாதியை வண்டி வைத்திருப்பவரும் வைத்திராதவரும் சேர்ந்து தருகிறார்கள். கடைவாசலில் இலவசமாகக் கிடைக்கும் பார்க்கிங்கின் விலை அரிசி, பருப்பு விலைக்குள் ஒளிந்திருப்பது தனி.

உங்கள் நண்பர் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பயணி ஒரு மைல் போக அரசுக்கு எவ்வளவு கைக்காசு என்று தலைக்கு வகுத்தால் ரயிலுக்குத்தான் அதிகம் வரும். இதில் சந்தேகம் கிடையாது. ரோட்டில் போகிற கூட்டம் அவ்வளவு பெரியது. பெரிய எண்ணால் வகுத்தால் எதுவும் சின்னதாகிவிடும். அமெரிக்காவில் ஊர் விட்டு ஊர் போகும் பயணத்தில் ரயிலின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ரயில் ஆதரவாளர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப்போவார்கள். தாண்டக் கூடாது. ஆனால் ஆள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், 50, 60 வருடம் எதில் பணம் போட்டோமோ அதில்தான் ஆள் ஏறியிருக்கிறது என்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

ஆம்ட்ராக் நஷ்டம் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆம்ட்ராக் என்பது மூன்று வியாபாரம் ஒரே பெயரில். வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் வரை 457 மைல் வடகிழக்குத் தடம். இங்கே வண்டி ஓட்டும் செலவுக்கு மேலேயே டிக்கெட்டில் வருகிறது. அடுத்தது 750 மைலுக்குக் குறைவான மாநில ரயில்கள். 2008ல் வந்த சட்டத்தால் இவற்றின் செலவை அந்தந்த மாநிலம்தான் ஏற்க வேண்டும். மூன்றாவது, இரவும் பகலும் ஓடும் சுமார் 15 நெடுந்தூர ரயில்கள். நஷ்டத்தில் பெரிய பங்கு இங்கேதான். நம் வர்ஜீனியா வழியாகச் சிகாகோ போகும் கார்டினல் வாரத்துக்கு மூன்று நாள்தான். மூன்று நாள் ஓடும் ரயிலை நம்பி யார் கல்யாணத்துக்குக் கிளம்புவார்கள்? ஆனால் அந்த ரயில் நிற்கிற சின்ன ஊர்களில் சிலவற்றுக்குப் பஸ்ஸும் இல்லை, விமானமும் இல்லை. அந்த ஊர்க்காரர்களின் செனட்டர்கள் ஓட்டுப் போட்டால்தான் வடகிழக்குக்கும் பணம் வரும். அரசியல் கணக்கு அது. 2019ல் மூன்றையும் சேர்த்துக் கூட்டியபோது இயக்க நஷ்டம் 30 மில்லியன் டாலர் அளவுக்கு இறங்கி, செலவும் வரவும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. கோவிட் வந்து அதைக் கெடுத்தது. 2024ல் 3 கோடியே 28 லட்சம் பேர் ஏறினார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஆனாலும் இயக்கக் கணக்கு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இயக்கக் கணக்கு என்று நான் சொல்வதில் பாலம், சுரங்கம், புது வண்டி எதுவும் சேராது. ரோட்டுக்கு மட்டும் லாப நஷ்டக் கணக்கு எழுதும் வழக்கமே கிடையாது. இந்திய ரயில் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்த ஞாபகம் உண்டா? பயணச் செலவில் 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். டோல் ரசீதில் யாரும் அப்படி அச்சடித்து நான் பார்த்ததில்லை.

ஆம்ட்ராக் ஏன் பிறந்தது என்று தெரிந்தால் இந்த நஷ்டப் பேச்சு இன்னும் தெளிவாகும். இங்கே ரயில் கம்பெனிகள் எல்லாம் தனியாருடையவை. தண்டவாளத்தைத் தாங்களே போட்டு, அந்த நிலத்துக்கு வரியும் கட்டின. பக்கத்திலேயே அரசு செலவில் ரோடு போட்டார்கள். உலகப் போரின்போது மக்கள் தேவையில்லாமல் பயணம் போகக் கூடாது என்று ரயில் டிக்கெட்டில் ஒரு வரி போட்டார்கள். போர் முடிந்தது 1945ல், அந்த வரி போனது 1962ல். 1956ல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி செய்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசு தரும். ஒரு நகர மேயராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ கேட்டால் டெல்லி, மன்னிக்கவும், வாஷிங்டன் எதுவும் தராது. நெடுஞ்சாலை என்றால் பத்து டாலருக்கு ஒன்பது டாலர் வரும். எதைக் கேட்பீர்கள்? அப்படித்தான் செயின்ட் பாலில் ரொண்டோ, மியாமியில் ஓவர்டவுன், டெட்ராய்ட்டில் பிளாக் பாட்டம் என்று கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதிகள் நடுவே நெடுஞ்சாலை கிழித்துக்கொண்டு போனது. 1967ல் தபால் துறை தன் மூட்டைகளை ரயிலிலிருந்து எடுத்து விமானத்துக்கும் லாரிக்கும் மாற்றியது. பயணி ரயில்களைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்த வருமானம்தான். அதுவும் போனபின் கம்பெனிகள் எங்களை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சின. அந்தச் சுமையைத் தூக்கிக்கொள்ளத்தான் 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் ஓடத் தொடங்கியது. லாபம் வரும் தொழிலை அரசு கெடுத்த கதை அல்ல இது. தனியார் கைவிட்டதை அரசு எடுத்துக்கொண்ட கதை.

தண்டவாளம் மட்டும் இன்றும் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளின் சொத்து. வடகிழக்கைத் தாண்டினால் ஆம்ட்ராக் வாடகைக்குக் குடியிருப்பவர்தான். பயணி ரயிலுக்கு வழி விட வேண்டும் என்று 1973லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மதிக்காவிட்டால் கேஸ் போடும் அதிகாரம் நீதித்துறைக்கு மட்டும்தான், அதுவும் அத்தி பூத்தாற்போல. இதற்கு மாற்று வழி தேடிய மாநிலம் நம் வர்ஜீனியா. வாஷிங்டனுக்கும் ரிச்மண்டுக்கும் நடுவே ஐ-95 நெடுஞ்சாலையின் நெரிசல் எல்லாருக்கும் தெரியும். அங்கே சுமார் 50 மைலுக்கு இரு பக்கமும் ஒரு லேன் கூட்டினால் 12.5 பில்லியன் டாலர் ஆகும், வேலை முடியும் நாளில் மறுபடி இதே நெரிசல் இருக்கும் என்று மாநிலம் செய்த ஆய்விலேயே வந்தது. அதனால் 2019 டிசம்பரில் 3.7 பில்லியனில் ரயில் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். சரக்குக் கம்பெனியான சி.எஸ்.எக்ஸிடமிருந்து 350 மைல் தடத்தின் நிலத்தையும் 225 மைல் தண்டவாளத்தையும் மாநிலமே விலைக்கு வாங்குவது, பொட்டோமாக் ஆற்றின் மேல் 1904ல் கட்டிய லாங் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பயணி ரயிலுக்கென்று இன்னொரு பாலம் கட்டுவது. 2024ல் பாலத்துக்குப் பூமி பூஜை போட்டாகிவிட்டது. இது நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 12.5ஐயும் 3.7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரயில்தான் மலிவு என்று கைதட்டுவது சரியில்லை. ஒரு லேன் மணிக்கு 2,000 வண்டிகளைக் கடத்தும், நாள் முழுக்க. ஒரு நிறைந்த ரயிலில் 1,000 பேர் போனாலும் அது எத்தனை மணிக்கு ஒரு தடவை வருகிறது என்பதுதான் கணக்கு. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் பொருள்கள் அல்ல.

லேன் கூட்டினால் மறுபடி நிறையும் என்பதை நான் என் கையாலேயே கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு சாலையை அகலப்படுத்தும் அறிக்கைக்கு அட்டவணை தயாரித்தேன். ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 11 நிமிடம் மிச்சம், அதை 20 வருடத்துக்குப் பெருக்கி, டாலரில் மாற்றி, பெரிய தொகை காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாலை திறந்து ஐந்து வருடத்தில் அந்த 11 நிமிடம் காணாமல் போய்விட்டது. தப்பு எங்கே என்றால், ரோடு மாறினாலும் மக்கள் அதே வீட்டில் இருந்து அதே நேரத்தில் அதே வேலைக்குப் போவார்கள் என்று என் மாடல் நினைத்துக்கொண்டிருந்தது. மக்கள் அப்படிச் செய்யவில்லை. ஆறு மணிக்கே கிளம்பியவர் ஏழு மணிக்குக் கிளம்பினார். ரயிலில் போனவர் காருக்கு வந்தார். இன்னும் தள்ளி, இன்னும் பெரிய வீடு வாங்கியவர்கள் ஏராளம். 2011ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலை லேன் எவ்வளவு சதவீதம் கூடுகிறதோ அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று கண்டது. ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை 2008ல் சில இடங்களில் பக்கச் சாலையோடு சேர்த்து 26 லேன்வரை அகலப்படுத்தினார்கள். 2011க்கும் 2014க்கும் நடுவே சாயங்கால நேரப் பயணம் பாதிக்கு மேல் நீண்டுவிட்டது.

இதை வைத்து ரோடு போடுவதே வீண் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. அங்கே நான் நின்றுவிடுவேன். அந்த 26 லேனில் முன்பைவிட மிக அதிகம் பேர் போகிறார்கள். அவர்களுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்திருக்கிறது, வாங்கக்கூடிய விலையில் வீடு கிடைத்திருக்கிறது. நெரிசல் தீரவில்லை என்பது உறுதி. யாருக்கும் பலனில்லை என்பது உறுதியில்லை. லேன் கூட்டினால் நேரம் மிச்சமாகும் என்று சொல்லிப் பணம் வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி, ஊர் பரவுவது. இதற்கு நான் புத்தகத்தைப் பார்க்க மாட்டேன், வாஷிங்டன் மெட்ரோவின் ஆரஞ்சு லைனில் ஏறச் சொல்வேன். ஒரு சனிக்கிழமை கடைசி ஸ்டேஷனான வியன்னாவில் இறங்குங்கள். ஸ்டேஷன் ஐ-66 நெடுஞ்சாலையின் நட்ட நடுவில் இருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்கும்போதே இரு பக்கமும் வண்டிகள் இரைந்துகொண்டு போகும். போனில் பேச முடியாது. படியேறி, நடைபாலத்தில் அந்த லேன்கள் எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்தால் எதிரே பார்க்கிங் கட்டடம். 5,000க்கும் மேல் கார் நிற்கும். ஒரு டீ குடிக்க நடந்து போகலாம் என்றால் உங்கள் பாடு. இப்போது திரும்ப ஏறி கிளாரண்டனில் இறங்குங்கள். எஸ்கலேட்டர் மேலே கொண்டு வந்து விடும் இடம் கடைத்தெருவின் நடு. குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், நாய் பிடித்துப் போகிறவர்கள், வாசலில் மேசை போட்ட சாப்பாட்டுக் கடை, மேலே அடுக்குமாடி வீடுகள். இரண்டு இடத்துக்கும் ஒரே மெட்ரோ, ஒரே வண்டி.

வித்தியாசம் கிளாரண்டன் இருக்கும் ஆர்லிங்டன் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1970களில் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. அங்கேயும் மெட்ரோவை ஐ-66ன் நடுவிலேயே கொண்டுபோவதுதான் மலிவான வழி. கவுண்டிக்காரர்கள் மறுத்துவிட்டு, அதிகச் செலவையும் ஏற்றுக்கொண்டு, அப்போது களையிழந்து கிடந்த வில்சன் புலவார்டு கடைத்தெருவுக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். ராஸ்லினிலிருந்து பால்ஸ்டன் வரை ஐந்து ஸ்டேஷன். 1979ல் முழுதும் திறந்தது. ஸ்டேஷனைச் சுற்றி உயரமாகக் கட்டலாம், தள்ளிப்போகப் போக உயரம் குறையும், பழைய தனி வீடுகள் இருக்கும் தெருவைத் தொடுவதில்லை என்று ஜோனிங்கை, அதாவது எங்கே என்ன கட்டலாம் என்ற விதியை, எழுதினார்கள். இன்று கவுண்டி நிலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே இருக்கும் மெட்ரோ வழித்தடப் பகுதிகள்தான் அதன் சொத்து வரியில் பாதி அளவைத் தருகின்றன. வியன்னாவைச் சுற்றி அந்த மாதிரி ஜோனிங் வரப் பல வருடம் பிடித்தது. ஸ்டேஷன் திறந்தது 1986ல். பக்கத்தில் அடுக்குமாடித் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கவே 2000களாகிவிட்டது, அதுவும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்போடு. சென்னையில் பறக்கும் ரயில் ஸ்டேஷன்களின் பிரம்மாண்டமான காலிக் கூடங்களுக்குள் நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தண்டவாளம் தானாக ஊரை உண்டாக்காது.

ஆர்லிங்டனை எல்லாரும் வெற்றிக்கதையாகவே சொல்வார்கள், நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அதில் விட்டுப்போகும் பக்கம் ஒன்று உண்டு. மெட்ரோவுக்காகக் கிளாரண்டனைத் தோண்டிப் போட்டிருந்தபோது வியாபாரம் படுத்து, கடை வாடகை விழுந்தது. அப்போதுதான் சைகோன் வீழ்ந்து அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் அந்த மலிவு வாடகையில் மளிகைக் கடையும் நூடுல்ஸ் கடையும் நகைக் கடையும் வைத்தார்கள். அந்த இடத்துக்கு லிட்டில் சைகோன் என்றே பெயர். மெட்ரோ திறந்தது, வாடகை ஏறியது, அவர்கள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பலர் ஃபால்ஸ் சர்ச்சில் உள்ள ஈடன் சென்டருக்குப் போனார்கள். ஈடன் சென்டர் பெரிய பார்க்கிங்கைச் சுற்றிக் கட்டிய வணிக வளாகம். மெட்ரோ வாசலில் இல்லை. ரயில் பக்கத்தில் வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும் என்று நாங்கள் அறிக்கையில் பலன் கணக்கில் எழுதும் அதே தொகை, வாடகைக்கு இருப்பவருக்குச் செலவுக் கணக்கில் போய் விழுகிறது. ஸ்டேஷனைத் தாண்டி நாலு தெரு தள்ளியும் நிறைய வீடு கட்ட விட்டிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது என்பது என் கருத்து. நிரூபிக்கச் சொன்னால் கஷ்டம். கிளாரண்டனில் கார் ஓட்டம் குறைவு என்பதிலும் இதே சிக்கல்தான்: ரயில் அவர்களை மாற்றியதா, ரயிலில் போகப் பிடித்தவர்கள் அங்கே குடிவந்தார்களா? இரண்டும் என்பதுதான் நேர்மையான பதில்; எது எவ்வளவு என்று சதவீதம் போடுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ரயில் வந்தாலே பரவல் நின்றுவிடும் என்பதும் தப்பு. அமெரிக்காவின் முதல் புறநகர்களைக் கட்டியதே ரயிலும் டிராமும்தான், கார் அல்ல. இங்கே 1992லிருந்து ஓடும் வி.ஆர்.இ. என்ற புறநகர் ரயில், ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்கில் வீடு வாங்கிக்கொண்டு வாஷிங்டனில் வேலை பார்ப்பதைச் சாத்தியமாக்கியது. 50 மைல் தள்ளிப் பெரிய தோட்டத்தோடு வீடு, காலையில் ஸ்டேஷன் வரை கார், அப்புறம் ரயில். பரவலுக்கு ரயிலே துணை போன கதை இது. கோவிட்டுக்குப் பின் அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது அந்த ரயிலின் கூட்டம் பாதிக்கும் கீழே விழுந்தது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவரை மட்டும் நம்பிய எல்லா ரயிலுக்கும் இந்த அடி விழுந்தது. அதே சமயம் ரிச்மண்ட், நார்ஃபோக், ரோனோக் என்று மாநிலம் பணம் கொடுத்து ஓட்டும் ஆம்ட்ராக் ரயில்களில் கூட்டம் கோவிட்டுக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டது. 2009ல் லிஞ்ச்பர்க்குக்கு முதல் ரயில் விட்டபோது, கணித்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆள் ஏறினார்கள். எங்கள் ஆட்கள் ரோட்டு நெரிசலைக் குறைத்துக் கணிப்பார்கள், மெட்ரோ கூட்டத்தைக் கூட்டிக் கணிப்பார்கள். இது ஒன்றில்தான் ரயிலைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

ரயில்காரர்கள் வெட்கப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது: செலவு. பக்கத்து மேரிலாந்தில் பெதஸ்டாவிலிருந்து நியூ கேரல்டன் வரை 16 மைல் பர்ப்பிள் லைன் என்ற இலகு ரயில். 2022ல் ஓடியிருக்க வேண்டியது. நடுவில் கட்டுமான ஒப்பந்தக்காரர் விலகி, வழக்கு நடந்து, மறுபடி ஆள் பிடித்து, 5.6 பில்லியன் டாலர் ஒப்பந்தம் 9 பில்லியனைத் தாண்டிப் போய்விட்டது. நியூயார்க்கில் செகண்ட் அவென்யூ சுரங்கத்தில் மூன்று புது ஸ்டேஷனுக்கு 4.5 பில்லியன். ஐரோப்பாவில் இதே சுரங்கத்தை இதில் ஒரு சின்னப் பங்கில் தோண்டுகிறார்கள். பணம் போதவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், மானியம் எதிர்ப்பவர் வாயை அடைக்க முடியாது.

எனக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கொடுத்தால் நான் எங்கே போடுவேன்? இருக்கிற ரோட்டையும் பாலத்தையும் பழுது பார்ப்பதற்கு முதல் காசு. அதில் சண்டையே இல்லை. நெரிசல் நேரத்தில் லேனுக்கு விலை வைப்பேன். ஐ-66ல், வாஷிங்டனைச் சுற்றும் வட்டச்சாலையான பெல்ட்வேக்கு உள்ளே 2017 டிசம்பரில் அப்படிச் செய்தார்கள், முதல் வாரத்திலேயே டோல் 40 டாலரைத் தொட்டு ஊரே கூச்சல் போட்டது. அதற்கு முன் அந்த நேரத்தில் தனியாக ஓட்டுகிறவர் பெரும்பாலோருக்கு அந்தச் சாலையில் அனுமதியே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த வசூலில் பஸ்ஸும் ரயிலும் ஓடுகின்றன. ரயிலுக்கு 100லிருந்து 400 மைலுக்குள் உள்ள ஊர்களுக்குத் தண்டவாளத்தை வாங்கி, ஒரு நாளைக்கு இரண்டு வண்டிக்குப் பதில் ஐந்தாறு வண்டி விடக் கொடுப்பேன். புது மெட்ரோ ஸ்டேஷனுக்கு மட்டும், சுற்றிலும் அரை மைலுக்கு ஜோனிங்கை மாற்றித் தீர்மானம் போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் காசு பேசலாம் என்பேன்.

அந்த நிபந்தனையை நான் வைப்பதற்குக் காரணம் உங்கள் ஆஷ்பர்னுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் ஆஷ்பர்ன் வரை நீண்ட சில்வர் மெட்ரோ லைனின் கடைசிக்கு முந்தைய ஸ்டேஷன் லௌடன் கேட்வே. விமான இரைச்சல் காரணமாக அங்கே வீடு கட்ட அனுமதி இல்லை. மெட்ரோவில் மிகக் குறைவாக ஆள் ஏறும் ஸ்டேஷன்களில் அது ஒன்று. அந்த லைனின் கட்டுமானச் செலவில் ஏறக்குறையப் பாதியை அங்குள்ள டல்லஸ் (Dulles) டோல் ரோட்டில் போகிறவர்கள் டோலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனவே உங்கள் நண்பருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: அவர் அந்த ரோட்டில் வருகிறவராக இருந்தால், ஏறாத ரயிலுக்கு அவர் காசு கொடுப்பது நிஜம்தான். பக்கத்துத் தெருவில் கார் இல்லாதவர் அவருடைய ரோட்டுக்குக் கொடுப்பதும் நிஜம்.

வீட்டு விஷயம்: விற்கிறவர் “மெட்ரோ பக்கம்” என்று சொல்லி விலையைக் கூட்டுவார். மேப்பில் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் ஆஷ்பர்ன் ஸ்டேஷனில் இறங்கி அந்த வீடு வரை நடந்து பாருங்கள். குழந்தையையும் அழைத்துக்கொண்டு போங்கள். எத்தனை லேன் தாண்ட வேண்டியிருக்கிறது, நடைபாதை எங்கே பாதியில் நிற்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து வாஷிங்டன் நடுவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம் என்றால் தாங்கும். ஐந்து நாள் என்றால் கொஞ்சம் சின்ன வீடாக இருந்தாலும் கிழக்கே தள்ளிப் பாருங்கள்.